தொடங்க மறுக்கும் புதுக்கணினி

விழா மலர் ஒன்றிற்கு எழுதப் புகுவோர் தம் பள்ளிப் பருவத்தை நினைவுகூர்வது வழக்கம். அவ்வினிய பணியைப் பிறர் செவ்வனே செய்வர் என்னும் நம்பிக்கையால், நாம் ஈண்டு ஒரு சிறு பாடத்தை எழுத எடுத்துக்கொண்டோம். பாடம் என்றதும் வாசகர் அஞ்சவேண்டுவதில்லை. இதன் முடிவிற் பரீட்சை இல்லை. ஆயினும் இதிற் சொல்லப்படுவதை மனத்திற் பதித்துக்கொண்டால், என்றோ ஒரு நாள் ஒரு பிள்ளையின் கண்ணீரையும் ஒரு குடும்பத்தின் பணத்தையும் காக்க அது உதவும்.

பொருள் இதுவே. கடையில் ஆயத்தமாக விற்கும் கணினியை வாங்காது, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்வோர் எம் துறைமுகப் பட்டினத்திலும் உளர். க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர்க்கு இதில் ஆர்வம் மிகுதி. செலவு குறையலாம், அறிவு நிச்சயமாய்ப் பெருகும். ஆனால் எல்லாவற்றையும் பொருத்தி முடித்துப் பொத்தானை அழுத்துகையில் திரை இருண்டே கிடக்குமாயின், அப்போது செய்யவேண்டுவது யாது? செய்யத்தகாதது யாது? இவற்றை ஆராய்வதே எம் நோக்கம்.

ஒரு மாலைப்பொழுது

கச்சான் காற்று வீசிய ஒரு மாலையில், உட்துறைமுகத்தை அண்டிய ஒரு வீட்டிற்கு நாம் அழைக்கப்பட்டோம். வீட்டுத் தலைவர் கடற்றொழிலாளர். இரு பருவங்களிற் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து, உயர்தரம் பயிலும் மகனுக்குக் கணினி உறுப்புகளைக் கொழும்பிலிருந்து தருவித்திருந்தார். மகன் இரண்டு நாள் அரும்பாடுபட்டு அவற்றைப் பொருத்தியிருந்தான். பொத்தானை அழுத்தினான், விசிறிகள் சுழன்றன, வண்ண விளக்குகள் மின்னின, திரை மட்டும் சமிக்ஞை இல்லை என்று அறிவித்துவிட்டு இருண்டது. பத்து முறை, இருபது முறை அழுத்தியும் பயன் இல்லை.

“மதர்போட் செத்துப்போச்சு, சேர். கடைக்காரன் பழுதானதைத் தந்திட்டான்” என்றான் மகன். அவன் குரலிற் கோபம் இருந்தது. அதன் அடியில், தானே அதைக் கெடுத்துவிட்டோமோ என்னும் அச்சமும் இருந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியிலிட்டு மறுநாளே கொழும்புக்கு அனுப்ப அவன் ஆயத்தமாகிவிட்டான். திருகோணமலையிலிருந்து கொழும்பு தரைவழியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அனுப்பிய பொருள் சோதிக்கப்பட்டு மீள நாள்கள் பல செல்லும். பழுதில்லை என்று அது திரும்பிவந்தாலோ, செலவும் நாணமுமே மிஞ்சும்.

வாயிலில் நின்ற தந்தையார் மெல்லச் சொன்னார்: “மாஸ்ரர், இழுத்து எஞ்சின் பிடிக்காட்டி நாங்கள் உடனே எஞ்சினைக் கழற்றி எறியிறதில்லை. முதல்ல எண்ணெய் வருதோ எண்டு பாப்பம். பிறகு பிளக்கைக் கழற்றிப் பாப்பம். ஒண்டு ஒண்டாத்தான் பாக்கிறது.”

கணினியைத் தொட்டும் அறியாத அம்மனிதர் கூறியதே இத்துறையின் தலையாய விதி. எஞ்சியவை எல்லாம் அதன் விரிவுரையே எனலாம்.

பொத்தானை அழுத்தியபின் நிகழ்வது

எண்ணெய் எவ்வழியாக எஞ்சினை அடைகின்றது என்பதை அறியாதவன், அது எங்கே தடைப்பட்டது என்பதைக் காணமாட்டான். ஆதலின், பொத்தானை அழுத்தியது முதல் திரையில் எழுத்துத் தோன்றும்வரை நிகழ்வனவற்றை முதற்கண் நோக்குவாம்.

சுவரிலுள்ள குதையிலிருந்து 230 வோல்ற்று ஆடலோட்டம் கணினியின் மின்வழங்கிக்கு வருகின்றது. கடைகளில் இதனைப் பவர் சப்ளை என்பர். அது அவ்வோட்டத்தை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டங்களாக மாற்றும். வீட்டிற் பொருத்தப்படும் கணினிகள் பெரும்பாலும் பின்பற்றும் ஏ.ரி.எக்ஸ். என்னும் அமைப்பை இன்ரெல் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வெளியிட்டது. இவ்வமைப்பிற் கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போதும், 5 வோல்ற்றுச் சிறு ஓட்டம் ஒன்று தாய்ப்பலகைக்கு, அதாவது மதர்போட்டிற்கு, ஓயாது சென்றுகொண்டிருக்கும். அதனை இரவுக் காவலாளி எனக் கொள்க. கேசிங்கின் முன்னாலுள்ள பொத்தான், நாம் எண்ணுவது போல மின்சாரத்தை நேரே திறந்துவிடுவதன்று. இரண்டு சிறு முனைகளை ஒரு கணம் தொடுவித்துக் காவலாளியை எழுப்புவதே அதன் தொழில். எழுந்த தாய்ப்பலகை, முழுமையாக இயங்குமாறு மின்வழங்கியைப் பணிக்கும். ஓட்டங்கள் நிலைபெற்றதும், மின்சாரம் செவ்வையாக உள்ளது என்னும் குறிப்பை மின்வழங்கி திருப்பி அனுப்பும். அக்குறிப்பு வந்தபின்னரே செயலி கண்விழிக்கும்.

விழித்த செயலி, தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ள பயோஸ் என்னும் கட்டளைத் தொகுதியைப் படித்து, உறுப்புகளைச் சோதிக்கத் தொடங்கும். 1981 ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாட் கணினியிலும் இத்தகைய தற்சோதனை இருந்தது. பொதுவாக முதலிற் செயலி, அடுத்து றாம் எனப்படும் நினைவகம், அடுத்துக் காட்சி, இறுதியில் வட்டு என்னும் முறையில் இச்சோதனை நடைபெறும்.

ஆகவே சங்கிலி இது: சுவர், மின்வழங்கி, பொத்தான், தாய்ப்பலகை, செயலி, நினைவகம், காட்சி, வட்டு. ஒரு கண்ணி அறுந்தால், அதற்கு அப்பாலுள்ளவை நன்றாயிருந்தும் பயன் தாரா. கணினி எந்தக் கண்ணிவரை வந்து நின்றது என்பதைக் கண்டறிதலே நம் வேலை.

நோயின் மூவகை

முதல்வகை: எவ்வித அசைவும் இன்மை. விசிறி சுழலவில்லை, விளக்கு எரியவில்லை. இங்கே ஐயத்திற்குரியவை முதல் மூன்று கண்ணிகளே. மேசை விளக்கொன்றை அதே குதையிற் செருகிப் பார்க்க. மின்வழங்கியின் பின்புறத்து ஆளி, நேர்கோட்டுக் குறி உள்ள பக்கம் அழுத்தப்பட்டுள்ளதா என்று காண்க. வட்டக்குறி நிறுத்தத்தைக் குறிப்பது. சில மின்வழங்கிகளில் 115, 230 என்னும் இரு நிலைகளுள்ள சிறு தெரிவாளி இருக்கும். அது 230இல் இருத்தல் வேண்டும். 115இல் விட்டு எம் நாட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் மின்வழங்கி அழியும். 24 முனைகள் கொண்ட பெரிய இணைப்பி, கொளுவி பற்றும் ஒலி கேட்கும்வரை உள்ளே சென்றுள்ளதா என்று தொட்டுப் பார்க்க. பின்னர், பொத்தானிலிருந்து வரும் மெல்லிய கம்பி, கைந்நூலிற் காட்டிய இரு முனைகளிலேயே பொருந்தியுள்ளதா என்று பார்க்க. ஐயமுண்டாயின் அக்கம்பியைக் கழற்றி, அவ்விரு முனைகளை மாத்திரம் திருகாணி முடுக்கியின் நுனியால் ஒரு கணம் தொடுவிக்க. கணினி எழுமாயின் குற்றம் பொத்தானிலோ அதன் கம்பியிலோ உள்ளது, பிறிதொன்றிலும் இல்லை.

இரண்டாம் வகை: விசிறி சுழலும், திரை இருளும். புதுக்கணினிகளிற் பெரிதும் காணப்படுவது இதுவே. விசிறி சுழல்வது கொண்டு செயலிக்கும் மின்சாரம் சென்றுவிட்டது என்று முடிவு செய்தல் தவறு. 2000ஆம் ஆண்டளவிற் பென்ரியம் 4 செயலியின் வருகையோடு, செயலிக்கென 12 வோல்ற்றுத் தனி இணைப்பு ஒன்று ஏற்பட்டது. இன்று அது 4 அல்லது 8 முனைகளுடன், செயலிக்கு அருகே தாய்ப்பலகையின் மேல்விளிம்பில் ஒதுங்கியிருக்கும். பெரிய இணைப்பியைச் செருகியவர் இச்சிறியதை மறத்தல் மிக எளிது.

அடுத்தது நினைவகம். றாம் பலகையை இரு முனைகளிலும் ஒப்ப அழுத்திப் பூட்டு விழும் ஒலியைக் கேட்டல் வேண்டும். அரைகுறையாகச் செருகிய பலகை கண்ணுக்குச் சரியாகவே தோன்றும். நான்கு துளைவரிசை உள்ள தாய்ப்பலகைகளில் ஒரே றாம் இருப்பின், செயலியிலிருந்து எண்ணுகையில் இரண்டாவதில் இடுக என்பதே பெரும்பாலான கைந்நூல்களின் விதி.

பின்னர் காட்சி. எல்லாச் செயலிகளும் படம் வரையும் ஆற்றல் உடையன அல்ல. இன்ரெல் செயலியின் பெயர் இறுதியில் எஃப் என்னும் எழுத்து இருப்பின், அதற்கு அவ்வாற்றல் இல்லை. கிறபிக்ஸ் காட் எனப்படும் காட்சி அட்டை தனியே வேண்டும். திரையின் கம்பியும் அவ்வட்டையிலேயே செருகப்படல் வேண்டும். செயலி புதியதாயும் தாய்ப்பலகையின் பயோஸ் பழையதாயும் இருப்பின், ஒன்றை மற்றொன்று அறியாது போதலும் உண்டு.

இவ்விடத்தே பொறுமை பற்றியும் ஒரு சொல். டீ.டீ.ஆர். 5 வகை நினைவகம் பூட்டிய கணினி முதன்முறை எழும்போது, நினைவகத்தின் காலக்கணக்கைத் தானே பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கக்கூடும். அவ்வேளை திரை இருண்டே இருக்கும். இதனை அறியாதார் இடையில் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி, அது முடியவொட்டாமற் செய்வர். முதன்முறை பத்து நிமிடம் காத்திருத்தல் நன்று.

மூன்றாம் வகை: எழுந்தவுடன் வீழ்தல். ஓரிரு செக்கன் இயங்கி நின்றுவிடும். பெரும்பாலும் இது குறுக்குச்சுற்றின் அறிகுறி. தாய்ப்பலகையைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகளில் ஒன்று, துளையில்லாத இடத்தில் மிகையாக நின்று, பலகையின் அடிப்புறத்தைத் தொடலாம். விழுந்த திருகாணி ஒன்று அடியிற் சிக்கியிருக்கலாம். செயலியின்மேற் குளிர்விப்பான் சரியாக அமராமலும் இருக்கலாம். சுவரிலுள்ள ட்ரிப் சுவிச்சே விழுமாயின், மீண்டும் மீண்டும் தூக்கிப் பாராது, செருகியைக் கழற்றிவிட்டு அறிந்தவரை அழைக்க.

படம் தோன்றியபின், இயக்க முறைமை இல்லை என்று கணினி கூறுமாயின் அது நோயன்று. கணினி எழுந்துவிட்டது, அதற்குரிய மென்பொருளை இனித்தான் பதித்தல் வேண்டும்.

கழித்துக் காணல்

மேற்கூறியவற்றாற் பயன் காணாவிடின், கழித்தல் முறையைக் கைக்கொள்ளல் வேண்டும். செருகியைக் கழற்றுக. தாய்ப்பலகையைக் கேசிங்கிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த கடதாசிமட்டைப் பெட்டியின்மேல் வைக்க. செயலி, அதன் குளிர்விப்பான், ஒரு றாம், மின்வழங்கி, தேவையாயின் காட்சி அட்டை என்பவற்றை மாத்திரம் இணைக்க. வட்டு, முன்பக்கக் கம்பிகள், வண்ண விளக்குகள் எல்லாம் விலகட்டும். இந்நிலையிற் கணினி எழுமாயின், விலக்கியவற்றுள் ஒன்றே குற்றமுடையது, அல்லது கேசிங்கினுள் எங்கோ உலோகம் தொடுகின்றது. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க. எதனைச் சேர்க்கையில் நின்றதோ அதுவே நாம் தேடியது. எழாவிடின், றாம் பலகையை மாற்றியும் துளைவரிசையை மாற்றியும் பார்க்க. இறுதியாக, நாணயம் போன்ற 3 வோல்ற்று மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றிவைத்தால், பயோஸின் பழைய ஒழுங்குகள் அழிந்து தொடக்க நிலைக்கு மீளும்.

இவை அனைத்திற்கும் பொதுவான விதி இரண்டு. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. செய்ததையும் கண்டதையும் உடனே எழுதிவைக்க. மூன்றை ஒருங்கே மாற்றியபின் கணினி இயங்கினாலும், எது மருந்து என்பது தெரியாது; இயங்காவிடின், எது புதுக்குற்றம் என்பதும் தெரியாது. 1947 செப்டெம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஆர்வாட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் பெருங்கணினி பிழைத்தபோது, அதனை இயக்கியோர் தேடிச்சென்று, ரிலே எனும் மின்காந்த ஆளி ஒன்றிற் சிக்கிய விட்டிலைக் கண்டெடுத்தனர். அவ்விட்டிலை நாட்குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் குறித்தனர். அவ்வேடு இன்றும் வாசிங்ரன் நகரத்து அமெரிக்க வரலாற்று நூதனசாலையிற் பேணப்படுகின்றது. அத்துணைப் பெரியாரும் குறிப்பேட்டை நம்பினர் எனின், நாம் நம் நினைவை மட்டும் நம்புதல் எங்ஙனம் தகும்?

அன்று கண்டவை

இனி அவ்வீட்டிற்கு மீள்வாம். மகனிடம் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவரச் செய்தோம். முதற் பக்கத்தில் எழுதியது: விசிறி சுழல்கிறது, திரை இல்லை. ஆகவே சுவரும் மின்வழங்கியும் பொத்தானும் குற்றமற்றவை. தாய்ப்பலகையின் ஓரத்தில், செயலி, நினைவகம், காட்சி, தொடக்க வட்டு என்னும் நான்கிற்கும் நான்கு சிறு விளக்குகள் இருந்தன. புதிய தாய்ப்பலகைகள் பலவற்றில் இவை உண்டு. எந்தக் கண்ணியில் தடை நேர்ந்ததோ அதற்குரிய விளக்கு எரிந்துகொண்டே நிற்கும். அன்று எரிந்தது செயலியின் விளக்கு.

மேல்விளிம்பை நோக்கினோம். செயலிக்குரிய 8 முனை இணைப்பு வெறுமையாய் இருந்தது. அதன் கம்பி கேசிங்கின் பின்னே மடிந்து கிடந்தது. மகன் நாணினான். மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைச் செருகி மீண்டும் அழுத்தினோம். திரை முன்போலவே இருண்டது.

“நான் அப்பவே சொன்னன், சேர்” என்றான் அவன். கண்கள் கலங்கிவிட்டன.

இத்தகைய தருணத்திலேதான் பலர் தவறுகின்றனர். ஒரு குற்றத்தைத் திருத்தியும் பயன் காணாதபோது, திருத்தம் வீண் என்று கருதிவிடுகின்றனர். ஒரே வேளையில் இரு குற்றங்கள் இருத்தலும், முன்னது பின்னதை மறைத்தலும் கூடும் என்பதை மறந்துவிடுகின்றனர். திரையை விட்டு விளக்குகளைப் பார் என்றோம். பார்த்தான், செயலியின் விளக்கு அணைந்திருந்தது, நினைவகத்தின் விளக்கும் காட்சியின் விளக்கும் எரிந்து அணைந்தன, நான்காவது விளக்கு மட்டும் நின்றெரிந்தது.

அதன் பொருளை அவனையே எழுதச் சொன்னோம். சிறிது நேரம் எண்ணியபின் எழுதினான்: செயலி சரி, நினைவகம் சரி, காட்சி அட்டை சரி, வட்டில் இயக்க முறைமை இல்லாமையால் நிற்கிறது. எழுதி முடித்ததும் நிமிர்ந்து பார்த்தான். கணினி இறக்கவில்லை. இருளினுள்ளே அது இயங்கிக்கொண்டிருந்தது. அதன் சொல் நம்மை வந்தடையவில்லை, அவ்வளவே. அவன் எழுந்து கணினியின் பின்புறம் சென்றான். திரையின் கம்பி தாய்ப்பலகையின் வாயிலிற் செருகப்பட்டிருந்தது. அவன் வாங்கிய செயலியோ எஃப் எழுத்துடையது. கம்பியைக் காட்சி அட்டைக்கு மாற்றிய சில கணங்களில் எழுத்துகள் தோன்றின. தந்தையார் உள்ளே வந்து, ஒன்றும் பேசாது, நெடுநேரம் அத்திரையைப் பார்த்து நின்றார்.

கொழும்புக் கடைக்காரர்மீது குற்றமில்லை, தாய்ப்பலகைமீதும் குற்றமில்லை. அன்றிரவு மகன் கொப்பியின் இறுதி வரியாக அதனையும் எழுதிக்கொண்டான்.

சில எச்சரிக்கைகள்

மின்வழங்கியின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. 230 வோல்ற்று ஆடலோட்டத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ற்று. அதற்கு அணித்தான மின்னழுத்தம், செருகியைக் கழற்றிய பின்னரும் உள்ளிருக்கும் கொள்ளளவிகளிற் சிறிது நேரம் தங்கியிருக்கும், உயிர்க்கேடு தரும்.

கடலை அண்டிய பழைய வீடுகள் சிலவற்றிற் புவித்தொடுப்புச் சரிவர இராது. கேசிங்கின் உலோகத்தைத் தொடுகையில் விறுவிறுப்பு உணரப்படுமாயின், அதனைக் கணினியின் பழுது என்று கருதாது, வீட்டு மின்னிணைப்பைச் சோதிப்பிக்க. கச்சான் வீசும் வறண்ட நாள்களில், உறுப்புகளைத் தொடுமுன் பூச்சில்லாத உலோகம் ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொள்க. வாடைக்காலத்து ஈரமும் உப்புக்காற்றும் உலோகத் தொடுகைகளை நாளடைவிற் கெடுப்பன. ஆதலின் பழைய றாம் பலகையை மீளப் பயன்படுத்துவோர், அதன் பொன்னிற விளிம்பை மென்மையான அழிறப்பரால் மெல்லத் துடைத்துப் பார்த்தல் நன்று.

நிறைவுரை

திருகோணமலை இந்துக் கல்லூரியிற் பணியாற்றிய விபுலாநந்த அடிகள், விஞ்ஞானம் கற்றுத் தமிழ் ஆய்ந்தவர். வழக்கொழிந்துபோன யாழை இறந்தது என்று கைவிடாது, அதன் நரம்புகளையும் சுருதிகளையும் கணித முறையால் ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டவர். ஒலி எழாத கருவியின் முன் மனங்கலங்காது, நரம்பு நரம்பாக எண்ணிப் பார்க்கும் அம்மரபு எமக்கு உரியது. கடலில் எஞ்சின் நின்றபோது எண்ணெயை முதலிற் பார்க்கும் தந்தையாரின் மரபும் அதுவே.

வீட்டிற் கணினி பொருத்தும் மாணவர், பிழை நேர்ந்தால் நாணவேண்டுவதில்லை. ஆராயாது பிறர்மேற் குற்றஞ் சாட்டுதற்கே நாணல் வேண்டும். இக்கட்டுரையை வாசிக்கும் பழைய மாணவர், தம் அயலிலே இருண்ட திரையின் முன் ஒரு பிள்ளை அமர்ந்திருக்கக் கண்டால், ஓர் அப்பியாசக் கொப்பியுடன் அருகே சென்று அமர்வாராக. அதுவே நம் கல்லூரிக்கு நாம் செலுத்தும் விழாக் காணிக்கையாகும்.